முதலில் முன் கதவு: இருபதாயிரத்துக்குள் முதல் கார் ஆடியோ

என் முதல் கார், இரண்டாம் கையாக வாங்கிய மாருதி 800. வாங்கிய மாதமே கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு டிக்கியில், கனத்த ஒலிக்கான 12 இன்ச் ஊஃபர் பெட்டி ஒன்றை வைத்தேன். கடைக்காரர் பாட்டைப் போட்டதும் பின்னால் நம்பர் பிளேட் கடகடவென்று ஆடியது. அப்போது அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த வாரம் சென்னையிலிருந்து மதுரைக்குக் கிளம்பினேன். திண்டிவனம் தாண்டுவதற்குள் தலைவலி. பாடுகிறவர் கிணற்றுக்குள் உட்கார்ந்து என் முதுகைப் பார்த்துப் பாடுவதுபோல இருந்தது. முன்பக்கம் ஒரு ஸ்பீக்கர்கூட இல்லாத காரில், டிக்கியில் மட்டும் இடி இடித்தால் வேறென்ன கேட்கும்?

அந்தப் பெட்டியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு என் கார்களுக்கும், கேட்டுக்கொண்ட உறவினர்கள் கார்களுக்கும் ஆடியோ போட்டதில் நான் பிடித்துக்கொண்ட வழக்கம் ஒன்றுதான்: பணம் முதலில் முன் கதவுக்குப் போக வேண்டும். பின் ஸ்பீக்கர், ஊஃபர், பெரிய ஸ்கிரீன் எல்லாம் வரிசையில் நிற்கட்டும்.

வாங்குமுன் ஒரு மாலை

காரை நிழலில் நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இருக்கிற செட்டையே ஒரு மணி நேரம் கேளுங்கள். பேஸ் (கனத்த ஒலி), ட்ரெபிள் (கீச்சொலி) இரண்டையும் பூஜ்யத்தில் வையுங்கள். லவுட்னஸ் இருந்தால் அணைத்துவிடுங்கள். சத்தத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் ஃபேடரை முழுவதும் முன்பக்கம் தள்ளுங்கள். எஃப்எம் கேட்டுவிட்டு ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். எஃப்எம் ஒலிபரப்பில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் வராது. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பாட்டும் வேண்டாம். பென் டிரைவில் 320 கேபிபிஎஸ் எம்பி3 மூன்று போதும். ஒன்றில் மிருதங்கமோ தவிலோ இருக்கட்டும், தொப்பிப் பக்கத்துக் கனமான அடியைக் கேட்பதற்காக. இன்னொன்றில் வாத்தியம் குறைவாக ஒரு ஆண் குரல். மூன்றாவது, எல்லா வாத்தியமும் ஒன்றாக மோதும் ஒரு குத்துப் பாட்டு. மூன்றும் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்க வேண்டும். கடையிலும் இவற்றைத்தான் போட்டுக் கேட்கப்போகிறீர்கள்.

'சத்தம் பத்தவில்லை' என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் குறைந்தது தெளிவுதான். வார்த்தை புரியவில்லை, அதனால் வால்யூமை ஏற்றுகிறார்கள், ஏற்றினால் இரைகிறது. பழைய காகிதக் கூம்பு ஸ்பீக்கரை மாற்றினாலே இவர்களுடைய குறை தீர்ந்துவிடும்.

கணக்கு

இருபதாயிரம் இருக்கிறது, காரில் வேலை செய்யும் டெக்கும் (டேஷ்போர்டில் இருக்கும் பாட்டுப் பெட்டி) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் பிரிக்கும் விதம் இது: முன் கதவுகளுக்கு ஒரு ஜோடி காம்பொனென்ட் ஸ்பீக்கர் 5,500. இரண்டு கதவுத் தகட்டிலும் அதிர்வை அடக்க ஒட்டும் டேம்பிங் ஷீட் 2,500. நாலு சேனல் ஆம்ப், அதாவது நாலு ஸ்பீக்கர்வரை பவர் தரும் பெட்டி, 7,000. அதற்கு வயர், பியூஸ் எல்லாம் சேர்ந்த கிட் 2,000. கூலி, ரிங், கிளிப் என்று 1,500. ஆக 18,500. மீதி 1,500 ரூபாயைத் தொடாதீர்கள். கதவைத் திறந்தால் ஏதாவது ஒன்று உடையும்.

எட்டாயிரம்தான் இருக்கிறதென்றால் ஆம்ப்பை விடுங்கள். 3,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி கோஆக்ஸியல், 2,500-க்கு டேம்பிங், கூலியும் ரிங்கும் 1,500. கோஆக்ஸியல் என்றால் கீச்சொலிக்கான குட்டி ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், நடுவிலேயே இருப்பது. காம்பொனென்ட்டில் ட்வீட்டர் தனியாக வரும். அதைக் கண்ணாடி முக்கிலோ டேஷ்போர்டு ஓரத்திலோ வைத்தால், குரல் கால் பக்கத்திலிருந்து மேலேறி முகத்துக்கு நேரே வரும். டெக்கின் சொந்த பவரில் ஓட்டப்போகிறவர்களுக்குக் கோஆக்ஸியலே பாந்தம்.

மூவாயிரம் ரூபாய் ஸ்பீக்கருக்கு 2,500 ரூபாயில் ஷீட்டா என்று எல்லாரும் கேட்பார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்கள்

'400 வாட்' என்று பெட்டியில் எழுதியிருக்கும். அது உச்ச வாட், ஒரு கண நேரக் கணக்கு. நீங்கள் தேட வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் வாட். அதே பெட்டியின் பின்பக்கம், சின்ன எழுத்தில், 40 என்றோ 50 என்றோ இருக்கும். ஆர்எம்எஸ் எங்குமே போடாத பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

டெக்கிலும் இதே கதை. 'எம்ஓஎஸ்எஃப்இடி 50×4' என்று, நாலு சேனலுக்கும் தலா 50 வாட் தருவதுபோல், முகப்பிலேயே பொறித்திருப்பார்கள். டெக்கைத் திருப்பிப் பின்னால் செருகியிருக்கும் பியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 10 ஆம்பியர். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.4 வோல்ட் என்றால், உள்ளே போவதே 144 வாட். 144 உள்ளே போய் 200 எப்படி வெளியே வரும்? 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு, சுருதி கெடாமல், ஒரு சேனலுக்குக் கணக்குப்படியே 26 வாட்டுக்கு மேல் தர முடியாது. நடைமுறையில் 15-லிருந்து 20. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒரு சின்னக் காருக்கு 18 நல்ல வாட் தாராளம்தான். அதை 50 என்று நம்பி வால்யூமைக் கடைசிவரை திருகும்போதுதான் ட்வீட்டர் எரிகிறது.

பெட்டியில் இன்னொரு எண்ணும் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை: சென்சிடிவிட்டி, டெசிபல் கணக்கில். 89 டெசிபல் ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் பாதி வாட்டிலேயே தந்துவிடும். ஆம்ப் இல்லாதவர்கள் 90-க்கு மேல் தேடுங்கள். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினாலும் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று படவே ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் 50 வாட்டா 60 வாட்டா என்று கடையில் மண்டையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள்.

கடையில்

சென்னைக்காரர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து, நாலு கடையில் விலை கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு, ஐந்தாவது கடையில் பேச்சைத் தொடங்குங்கள். பயனியர், சோனி, ஜேபிஎல், கென்வுட், இன்பினிட்டி, ஹெர்ட்ஸ் என்று பலகையில் வரிசையாக மாட்டியிருப்பார்கள். (ஜேபிஎல்லும் இன்பினிட்டியும் ஹார்மன் என்ற ஒரே குழுமம், 2017-லிருந்து அது சாம்சங்கின் கையில். 'இரண்டுக்கும் ஜென்மப் பகை' என்பதுபோல் பேசும் விற்பனையாளர்களைப் பார்த்திருக்கிறேன்.)

டெமோ பலகையில் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டில் எது கொஞ்சம் உரக்கக் கேட்கிறதோ அதையே காது நல்லதென்று சொல்லும். 'அண்ணே, ரெண்டுக்கும் வால்யூமை ஒண்ணா வைங்க' என்று கேளுங்கள். உங்கள் பென் டிரைவை நீட்டுங்கள். கடைப் பாட்டு எல்லா ஸ்பீக்கரிலும் நன்றாகக் கேட்கும், அதற்காகவே தேர்ந்தெடுத்தது அது.

பழையது வாங்குவதில் தப்பில்லை. கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை நகம் படாமல் தடவுங்கள். தூள் தூளாக உதிர்ந்தால் வேண்டாம். இரண்டு கட்டைவிரலால் கூம்பை மெதுவாக, நேராக அழுத்தினால் உரசல் சத்தம் வரக் கூடாது. மல்டிமீட்டரை வைத்தால் 4 ஓம் ஸ்பீக்கர் 3.2-லிருந்து 3.8 வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளேயுள்ள கம்பிச் சுருள் போய்விட்டது.

ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் பற்றி ஒரு வார்த்தை. ரிவர்ஸ் கேமராவுக்கும் மேப்புக்கும் வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள். ஒலிக்காக வாங்காதீர்கள். மலிவான ஒன்பது இன்ச் ஸ்கிரீனில் உங்கள் பணம் கண்ணாடிக்குத்தான் போகிறது. பின்னால் இருப்பது மேலே சொன்ன அதே சின்ன ஆம்ப்.

புதுக் காரில் கம்பெனி ஸ்கிரீனை எடுக்க மனமில்லாதவர்கள், 'ஹை லெவல் இன்புட்' உள்ள ஆம்ப்பாகக் கேட்டு வாங்கினால் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளலாம். எதை மாட்டினாலும் வயரை வெட்டாமல் செருகும் கப்ளர் போட்டே மாட்டச் சொல்லுங்கள். கம்பெனி வயரை வெட்டினால் வாரண்டி போகும். நாளைக்குக் காரை விற்கும்போது பழைய செட்டைத் திரும்ப மாட்டவும் முடியாது. வெளியிலிருந்து வாங்கும் டெக்குகளில் மஞ்சள் வயருக்கு எப்போதும் பேட்டரி, சிவப்புக்குச் சாவி போட்டால் வரும் கரண்ட், கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால், ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் டெக் எல்லாவற்றையும் மறந்துவிடும். இரண்டையும் ஒன்றாக முறுக்கி பேட்டரியில் கொடுத்தால், நாலு நாள் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாது.

கதவைத் திறந்தபின்

பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். பல சின்னக் கார்களில் 10 நம்பர் ஸ்பேனர் போதும். கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ, பிடிக்குப் பின்னால் ஒன்று, மீதியெல்லாம் பிளாஸ்டிக் கிளிப். கீழ் மூலையிலிருந்து மெதுவாக இழுங்கள். பத்தில் இரண்டு கிளிப் உடைந்தே தீரும், அதனால் முன்பே பத்து வாங்கி வைத்திருங்கள்.

வாங்குமுன்னே இந்த வேலையை ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. ஸ்பீக்கர் ஓட்டையின் விட்டத்தை மட்டும் அளந்தால் போதாது. கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, ஓட்டையிலிருந்து கண்ணாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆறரை இன்ச் ஸ்பீக்கர் ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். அன்று சாயங்காலம் டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கும்போது காந்தத்தில் இடித்து நிற்கும். ஆழம் பற்றாதபோது நடுவில் ரிங் வைக்கலாம். எம்டிஎஃப் என்ற மரத்தூள் பலகையில் ரிங் வெட்டித் தருவார்கள், வேண்டாம். கதவுக்குள் மழைத் தண்ணீர் வரும். கண்ணாடி இடுக்கு வழியாக இறங்கி அடியிலுள்ள துளைகளில் வடிவது அதன் இயல்பு. எம்டிஎஃப் ஒரே மழைக்காலத்தில் இட்லி மாதிரி உப்பிவிடும். பிளாஸ்டிக் ரிங்காகக் கேளுங்கள்.

இப்போது அந்த 2,500 ரூபாய் ஷீட்டுக்கு வருவோம். ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின்னால் பிறக்கும் ஒலி முன்னால் பிறப்பதற்கு நேர் எதிர். கதவின் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும், வேலை பார்ப்பதற்காகக் கம்பெனி விட்டவை. பின்பக்க ஒலி அந்த வழியே சுற்றி வந்து முன்பக்க ஒலியோடு கலந்து அதை அழித்துவிடும். முதலில் சாவது பேஸ். ஐயாயிரம் ரூபாய் ஸ்பீக்கரை ஓட்டைக் கதவில் மாட்டிவிட்டு, பேஸ் வரவில்லை என்று ஊஃபர் தேடுவது இதனால்தான்.

அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட்டாக, 2 மில்லிமீட்டர் தடிமனில் வாங்குங்கள். கூரை ஒழுகலுக்கு விற்கும் தார் ஷீட் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் கால்வாசி. சித்திரை வெயிலில் அது உருகி வழிந்து, தார் வாசனையோடுதான் நீங்கள் வண்டி ஓட்டுவீர்கள். வெளித்தகட்டின் உள்முகத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஒரு பெரிய துண்டு, மற்ற இடங்களில் சிதறலாகச் சில துண்டுகள் ஒட்டுங்கள். மொத்தப் பரப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே தகட்டின் அதிர்வு அடங்கிவிடும். உருளையால் நன்றாக அழுத்துங்கள். பிறகு உள்தகட்டின் பெரிய ஓட்டைகளை மூடுங்கள். அடியிலுள்ள வடிகால் துளைகளை மட்டும் தொடவே தொடாதீர்கள், கதவு துருப்பிடித்துப் போகும்.

ஒட்டுமுன் ஒருமுறை, ஒட்டியபின் ஒருமுறை வெளியிலிருந்து விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றது 'தொப்' என்று ஆகியிருக்கும். கூடவே கதவைச் சாத்தும் சத்தமும் பெரிய கார் சத்தமாக மாறும். இது இனாம்.

பென்சில் பேட்டரிச் சோதனை

அடுத்து வாங்கிய வேகன்ஆரில் ஒரு கடையில் ஸ்பீக்கர் மாற்றினேன். பெயர் வேண்டாம். ஒரு வருடம் முழுக்க ஏதோ குறை: குரல் நடுவில் நிற்காமல் காரெல்லாம் பரவிக் கிடந்தது, பேஸ் தேடினாலும் கிடைக்கவில்லை. டெக்கைக் குறை சொன்னேன், பாட்டைக் குறை சொன்னேன். கடைசியில் ஒருநாள் கதவைத் திறந்தால், இடது ஸ்பீக்கரில் பிளஸும் மைனஸும் இடம் மாறியிருந்தன. வலது கூம்பு வெளியே தள்ளும்போது இடது கூம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துச் சமன் செய்துகொண்டு ஒரு வருடம் ஓட்டியிருக்கின்றன.

சோதிக்க ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும். ஸ்பீக்கர் வயரை டெக்கிலிருந்தும் ஆம்ப்பிலிருந்தும் கழற்றிவிட்டு, பிளஸ் வயரில் பேட்டரியின் பிளஸ், மைனஸில் மைனஸ் என்று ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்று கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது. கதவை மூடும்முன் நாலு ஸ்பீக்கருக்கும் செய்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

ஆம்ப் வைக்கும்போது

முன் ஸ்பீக்கரை மாற்றி ஒரு மாதமாவது கேட்டபின் ஆம்ப் வாங்குங்கள். அதற்குள் 'இதுவே போதும்' என்று தோன்றிவிடலாம், 9,000 ரூபாய் மிச்சம்.

போடுவதென்றால், பேட்டரியிலிருந்து வரும் வயரில் பியூஸ் எங்கே என்பதுதான் உயிர் போகும் விஷயம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஆம்ப்பிலும் பியூஸ் இருக்கிறதே என்று சிலர் இதை விட்டுவிடுவார்கள். ஆம்ப் பியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்றும். என்ஜின் பக்கத் தகட்டு ஓட்டையில் உரசி வயர் தேய்ந்தால், காரைத் தீப்பிடிக்காமல் காப்பது பேட்டரிப் பக்கத்துப் பியூஸ்தான். அந்த ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் வயர் போகக் கூடாது.

எத்தனை ஆம்பியர்? நாலு சேனல், 50 வாட் ஆர்எம்எஸ் என்றால் 200 வாட். கிளாஸ் ஏபி என்ற வகை ஆம்ப்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் ஸ்பீக்கருக்குப் போகும், மீதி சூடு. அதனால் உள்ளே 333 வாட் போக வேண்டும். 13.8 வோல்ட்டால் வகுத்தால் 24 ஆம்பியர். 30 ஆம்பியர் பியூஸும் 8 கேஜ் செம்பு வயரும் சரியாக இருக்கும். செம்பு என்று விற்பதில் பாதி, செம்பு பூசிய அலுமினியம். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் தெரிந்துவிடும். அதையே வாங்க வேண்டியிருந்தால் ஒரு படி தடித்த வயராக, 4 கேஜ் வாங்குங்கள் (கேஜ் எண் குறைந்தால் வயர் தடிக்கும்). இந்த அளவு ஆம்ப்புக்குப் பெரிய பேட்டரியெல்லாம் தேவையில்லை. ஆனால் என்ஜினை அணைத்துவிட்டு கடற்கரையில் இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டால், சின்னக் காரின் 35 ஏஎச் பேட்டரி வீட்டுக்குக் கூட்டிப்போகும் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

எர்த் வயர் ஒன்றரை அடிக்குள். பாடியில் பெயிண்டைச் சுரண்டி, தகடு மின்னும்வரை தேய்த்து போல்ட் போடுங்கள். பவர் வயர் வண்டியின் ஒரு பக்கமாகப் போனால், டெக்கிலிருந்து ஆம்ப்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ வயர் மறுபக்கமாகப் போகட்டும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்று கூடவே ஏறும் சத்தம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் கோளாறு.

திருகுகள்

ஆம்ப்பிலுள்ள 'கெயின்' திருகு வால்யூம் இல்லை, டெக்கின் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துவது. டெக்கை முக்கால் வால்யூமில் வைத்து, கெயினைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். குரல் கரகரக்கத் தொடங்கியதும் கொஞ்சம் பின்வாங்கி, அத்தோடு விட்டுவிடுங்கள். பேஸ் பூஸ்ட் பூஜ்யம். கனத்த ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். நாலு இன்ச் ஸ்பீக்கரென்றால் 120. அதற்குக் கீழுள்ள ஒலியைச் சின்னக் கூம்பால் பாட முடியாது, மூச்சுத்தான் வாங்கும். அதை வெட்டிவிட்டால் மீதியைத் தெளிவாகப் பாடும்.

டெக்கில் 'டைம் அலைன்மென்ட்' இருந்தால் பயன்படுத்துங்கள். நம் ஊரில் ஓட்டுபவருக்கு வலது ஸ்பீக்கர் பக்கம், இடது தூரம். ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர்தான் போகும். தலையிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் டேப் வைத்து அளந்து தூரத்தைக் கொடுத்தால், அதுவே வலது ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதிக்கும். குரல் ஸ்டியரிங்குக்கு நேரே வந்து நிற்கும்போது உங்களையறியாமல் சிரிப்பீர்கள்.

ஊஃபர்? அடுத்த போனஸுக்கு. அப்போதும் சீட்டுக்கு அடியில் போகும், ஆம்ப்போடு சேர்ந்த 8 இன்ச் வகையைப் பாருங்கள், டிக்கி உங்களுக்கே இருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் அதற்குக் கொடுத்து, சத்தம் முன்னாலிருந்து வருவதுபோல் தோன்றும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் ஓட்டியபின் பியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஸ்க்ரூ லூஸ். கதவிலிருந்து புதிதாக ஏதாவது கடகடத்தால், பேனலைக் கழற்றுமுன் கதவுப் பையைத் துழாவுங்கள். நான் இரண்டு முறை பேனலைக் கழற்றி, நாலு கிளிப்பை உடைத்துத் தேடிய சத்தம், அங்கே கிடந்த ஒரு ஐந்து ரூபாய் நாணயம்.